காஷ்: துருக்கிக் கடலோரத்தில் அவசரமே இல்லாத ஓர் ஊர்

துருக்கி என்றாலே இஸ்தான்புல், கப்படோக்கியா என்று கிளம்பிவிடுகிறோம். கூடுதலாகச் சில நாள் கையில் இருந்தால் தெற்கே மத்தியதரைக் கடலோரத்தில் இருக்கும் காஷுக்கும் போய் வாருங்கள். அண்டால்யா, டாலமான் எந்த விமான நிலையத்தில் இறங்கினாலும், அங்கிருந்து மலையும் கடலுமாக வளைந்து வளைந்து சில மணி நேரம் போக வேண்டும். ஊருக்குள் பெரிய மணற்கடற்கரையும் கிடையாது. இந்த இரண்டாலும்தான் ஊர் ராட்சத ஹோட்டல்களிடம் மாட்டாமல் தப்பித்தது என்று நினைக்கிறேன்.

மரீனா, அதாவது உல்லாசப் படகுகள் நிற்கும் துறை, ஊருக்கு மேற்கே தனியாக இருக்கிறது, 2011-ல் திறந்தது. விலையுயர்ந்த படகுகளை வேடிக்கை பார்க்கத்தான் போனேன். ஆனால் மனதில் நின்றவர், கரையில் ஏற்றி நிறுத்திய ஒரு மரப்படகின் அடிப்பாகத்தைச் சுரண்டிக்கொண்டிருந்த பெரியவர். நான் நின்று பார்ப்பதைக் கண்டதும் கூப்பிட்டு, பலகையில் ஒட்டிப் பிடித்திருந்த கொட்டலசுகளை (ஓடுள்ள சிறு கடலுயிர்கள்) காட்டினார். ஒன்றை உளியால் நெம்பி என் உள்ளங்கையில் வைத்தார். சுண்ணாம்புக் கிண்ணம் போல இருந்தது, விளிம்பு கத்தியாகக் கிழித்தது. அவருக்கு ஆங்கிலம் தெரியாது, எனக்குத் துருக்கி மொழி தெரியாது. இருந்தாலும் இவை பெருகினால் படகின் வேகம் குறையும், டீசல் அதிகம் குடிக்கும் என்பதைக் கையாலேயே புரிய வைத்துவிட்டார். அப்புறம் டீ. இரண்டடுக்குக் கெண்டியில் மேலே டிக்காஷன், கீழே வெந்நீர். இடை சிறுத்த கண்ணாடிக் குவளையில் டிக்காஷனை ஊற்றி, வெந்நீர் கலந்து, சர்க்கரைக் கட்டியோடு நீட்டினார். காசு கொடுக்க முயன்றபோது அவர் முகம் வாடியதைப் பார்த்துப் பையை மூடிவிட்டேன்.

மாலையில் ஆன்டிஃபெல்லோஸ் அரங்கத்துக்குப் போங்கள். காஷின் பழைய பெயர் அது. கடலைப் பார்த்த கல் படிகளில் உள்ளூர்ப் பிள்ளைகளும் பயணிகளும் கலந்து உட்கார்ந்திருப்பார்கள். எதிரே தெரியும் தீவு கிரேக்க நாட்டின் காஸ்டெலோரிஸோ, துருக்கியர்களுக்கு மெய்ஸ். ஊர்த் துறைமுகத்திலிருந்து படகில் அரை மணிக்குள் போய்விடலாம். ஆனால் நமக்கு ஷெங்கன் விசா வேண்டும், திரும்பி வர துருக்கி விசாவும் செல்லுபடியாக வேண்டும். முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

டைவிங் படகில் போனபோது பயிற்சியாளர் சொன்ன உலுபுருன் கப்பல் கதையை விடவே முடியாது. 1982-ல் கடற்பஞ்சு எடுக்கப் போன ஒருவர், காது வைத்த உலோக பிஸ்கட் மாதிரி ஏதோ கிடக்கிறது என்று தன் கேப்டனிடம் சொன்னார். அது காஷுக்குத் தென்கிழக்கே, சுமார் 3,300 ஆண்டுகளுக்கு முன் மூழ்கிய சரக்குக் கப்பல். பத்து டன் செம்பு, ஒரு டன் வெள்ளீயம், எகிப்து அரசி நெஃபர்டிட்டியின் பெயர் பொறித்த ஒரு தங்க முத்திரை வரை அதில் இருந்தன. 1984 முதல் 1994 வரை முக்குளித்து எடுத்தார்கள். அந்தப் பொருள்களைப் பார்க்க போட்ரம் கோட்டை அருங்காட்சியகத்துக்குத்தான் போக வேண்டும். எனக்கு அதற்குப் பிறகு அந்தத் தண்ணீரைப் பார்க்கும் பார்வையே மாறிவிட்டது. செம்பையும் வெள்ளீயத்தையும் சேர்த்தால் வெண்கலம். ஒரு காலத்தின் மொத்தத் தேவையும் ஒரே கப்பலில் போயிருக்கிறது!

குளிக்க பியூக் சாக்கில் என்ற கடற்கரை நல்ல இடம். கூழாங்கல் கரை என்பதால் ரப்பர் செருப்பு அவசியம். கல்லுக்கு அடியிலிருந்து ஊற்று நீர் கடலில் கலப்பதால் நீந்தும்போது திடீரென்று கால் சில்லிடும். கபுதாஷ் கடற்கரை அழகுதான், ஆனால் சாலையிலிருந்து நிறையப் படி இறங்கி ஏற வேண்டும். முட்டிவலி உள்ளவர்கள் யோசித்துக்கொள்ளுங்கள்.

வெள்ளிக்கிழமை சந்தையைத் தவறவிடாதீர்கள். அங்கே பெண்கள் மெல்லிய கோலால் மாவைத் தேய்த்து, கீரையும் சீஸும் வைத்துச் சுட்டுத் தரும் கொஸ்லெமே சைவர்களுக்கு ஒரு வேளைச் சாப்பாடே. ஜூலை, ஆகஸ்டில் வெயில் கொளுத்தும். மே அல்லது அக்டோபரில் போனால் கடலிலும் குளிக்கலாம், இந்தக் கடலோரமாகப் போகும் நெடுந்தூர நடைபாதையான லிசியப் பாதையில் நடக்கவும் செய்யலாம்.