அதிகம் மெனக்கெடாமல் கைச்செலவுக்குச் சம்பாதித்த வழிகள்: கல்லூரி மாணவர்களின் அனுபவப் பகிர்வு

திருச்சி, முதுகலை வேதியியல் முதலாண்டு:

விடுதியில் தங்கிப் படிப்பவர்களுக்கு மாதத்தின் கடைசி வாரம் எப்படிக் கழியும் என்பதை இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. வீட்டில் கேட்கவும் மனம் வராது, கேட்காமல் இருக்கவும் முடியாது. ஆகவே படிப்புக்கு இடையூறு இல்லாமல், உடம்பையும் அதிகம் வருத்தாமல், கைச்செலவுக்கு நீங்கள் சம்பாதித்த வழியை எழுதுங்கள். உறவினர் மகன் செய்தான், காணொளியில் பார்த்தேன் என்பவை வேண்டாம். நேரில் பட்டது மட்டும் போதும். கிடைத்த தொகையோடு அதற்குச் செலவான நேரத்தையும் சொல்லுங்கள். பேருந்தில் போய்வரும் நேரத்தை நம்மில் பலர் கணக்கில் சேர்ப்பதே இல்லை.

கோவை, பொறியியல் நான்காம் ஆண்டு:

பொறியியல் படிப்பில் முதலாண்டு வரைபடத் தாளுக்காக எல்லோரும் மினி டிராஃப்டர் என்ற கோடு வரையும் கருவியை வாங்குகிறோம். கணினி, மின்னணுவியல் துறை மாணவர்களுக்கு அந்தத் தேர்வு முடிந்த மறுநாளே அது வேண்டாத பொருளாகிவிடும். அறை காலி செய்யும்போது பலர் அதைக் கட்டிலுக்கு அடியிலேயே விட்டுவிட்டுப் போவார்கள். இரண்டாம் ஆண்டு முதல் நான் செய்தது இவ்வளவுதான்: ஆண்டுத் தேர்வு முடியும் வாரத்தில் அறை அறையாகச் சென்று டிராஃப்டர்களையும் ஆய்வக ஓவர்கோட்டுகளையும் சொற்ப விலைக்கு வாங்கி ஒரு பெட்டியில் போட்டு வைத்து, புதிய மாணவர்கள் வந்ததும் கடை விலையில் பாதிக்கு விற்றேன். ஓவர்கோட்டைச் சலவை செய்து மடித்துக் கொடுத்தால் யாரும் பேரம் பேசுவதில்லை. டிராஃப்டரை மட்டும் வாங்கும்போதே சோதித்துப் பார்க்க வேண்டும். இரண்டு அளவுகோல்களும் செங்கோணத்தில் நிற்காவிட்டாலோ, பலகையில் மாட்டும் திருகு வழுக்கினாலோ, இனாமாகக் கொடுத்தாலும் அதைத் தொடக்கூடாது. அறிவியல் கால்குலேட்டரில் இந்த வியாபாரம் நடக்காது, ஏனென்றால் கடைசிப் பருவம் வரை அதை யாரும் கைவிடுவதில்லை.

ஆண்டுக்கு இரண்டு வாரம்தான் வேலை. அதில் வரும் பணத்தில் ஒரு பருவத்தின் தேர்வுக் கட்டணத்தைக் கட்ட முடிந்தது.

சென்னை, இளங்கலை வணிகவியல் மூன்றாம் ஆண்டு:

பள்ளி நாட்களில் அம்மாவின் வற்புறுத்தலால் தக்ஷிண பாரத ஹிந்தி பிரசார சபாவின் தேர்வுகளை ஒவ்வொன்றாக எழுதி, பன்னிரண்டாம் வகுப்பு முடிவதற்குள் உயர்நிலைத் தேர்வான பிரவீண் வரை தேறியிருந்தேன். அது எனக்கு வருமானம் தரும் என்று அப்போது வீட்டில் யாரும் நினைக்கவில்லை. கல்லூரியில் சேர்ந்த பிறகு எங்கள் குடியிருப்பில் இருந்த ஓர் அக்கா தன் மகளுக்குத் தொடக்கநிலைத் தேர்வான பிராத்மிக் பாடம் சொல்லித்தரக் கேட்டார். அந்தக் குழந்தையோடு மாடி வீட்டுப் பிள்ளைகளும் வந்து சேர்ந்துகொண்டார்கள்.

மற்ற டியூஷன்களைவிட இது எளிது என்று நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. பள்ளிப் பாட டியூஷனில் ஒவ்வொரு பிள்ளையும் ஒவ்வொரு பள்ளி, ஒவ்வொரு பாடத்திட்டம்; ஒருவனுக்குச் சமச்சீர், இன்னொருத்திக்கு சிபிஎஸ்இ, மதிப்பெண் குறைந்தால் பெற்றோரின் முகம் உடனே மாறிவிடும். சபாவின் தேர்வில் பாடநூல் ஒன்றே, வினாக்களின் போக்கும் பழகியதே, பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் தேர்வு என்பதால் எந்த மாதத்தில் எதை முடிக்க வேண்டும் என்பதும் தெளிவு. ஒருமுறை தயாரித்த குறிப்புகளை அடுத்த குழுவுக்கும் அப்படியே பயன்படுத்துகிறேன். மாலையில் ஒரு மணி நேரம், வாரத்தில் மூன்று நாள், போக்குவரத்து என்பது மாடிப்படி மட்டுமே. என்னுடைய கைபேசிக் கட்டணம், பேருந்துச் செலவு, புத்தகம் எல்லாம் இதிலிருந்தே போகின்றன. ஹிந்திதான் வேண்டும் என்பதில்லை. தட்டச்சில் முதுநிலை தேறியவர்கள், வீணையோ மிருதங்கமோ முறையாகக் கற்றவர்கள் என்று எத்தனையோ பேர் தங்களிடம் இருப்பது விலை போகும் என்பதை அறியாமலே இருக்கிறார்கள்.

கும்பகோணம், இளங்கலை வரலாறு இரண்டாம் ஆண்டு:

கேட்டரிங் வேலையைப் பற்றி இதுவரை யாரும் எழுதாதது வியப்பாக இருக்கிறது. எங்கள் பக்கத்துக் கல்லூரி மாணவர்களில் பாதிப் பேர் முகூர்த்த நாட்களில் ஏதோ ஒரு மண்டபத்தில் வாளியோடு நிற்பார்கள். ஏஜென்ட் அண்ணன் வாட்ஸப் குழுவில் இடத்தையும் நேரத்தையும் போடுவார். முதலில் பதில் போட்டவர்களுக்கு வேலை. முதல் நாள் மாலை வரவேற்பு விருந்தில் தொடங்கி, மறுநாள் காலை டிபன், மதியச் சாப்பாடு வரை முடித்தால் கையில் பணம், வயிற்றுக்கு நல்ல சாப்பாடு. இலையின் நுனி சாப்பிடுகிறவரின் இடப்பக்கம் இருக்க வேண்டும் என்பதைக்கூட அங்கேதான் பலர் கற்றுக்கொள்கிறார்கள்.

ஆனால் இதைக் குறைந்த உழைப்பு என்று சொன்னால் நானே சிரிப்பேன். ஒரு பந்தி எழுவதற்குள் அடுத்த பந்திக்கு ஆள் நாற்காலியின் பின்னால் வந்து நிற்பார். கொதிக்கும் சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு அந்தக் கூட்டத்துக்குள் நுழைய வேண்டும். மறுநாள் வகுப்பில் கண் திறக்காது. மண்டபக்காரர் தலைக்கு என்ன கொடுத்தார் என்பது நமக்குத் தெரியாது, ஏஜென்ட் தன் பங்கை எடுத்துக்கொண்டு மீதியைத்தான் தருவார். ஆடியிலும் மார்கழியிலும் வருமானம் சுத்தமாக நின்றுவிடும். அப்படியிருந்தும் ஏன் போகிறோம் என்றால், முன்பணம் கேட்காத, தகுதி கேட்காத, வேலை முடிந்த அன்றே கூலி தரும் இடம் வேறு அதிகம் இல்லை.

திருச்சி, முதுகலை வேதியியல் முதலாண்டு:

கும்பகோணத்துத் தம்பியின் பதிவு இங்கே பொருந்தாது என்று சிலர் தனியே எழுதினார்கள். பொருந்தும் என்றே நினைக்கிறேன். விருந்து நேரத்தையும் காத்திருப்பையும் இரவுப் பயணத்தையும் சேர்த்து வகுத்தால், மாடிப்படி ஏறி ஹிந்தி சொல்லித்தரும் சகோதரியின் ஒரு மணி நேரத்துக்கும் அவருடைய ஒரு மணி நேரத்துக்கும் உள்ள தூரம் தெரியும். சகோதரிக்கு அந்த வசதியைத் தந்தது பள்ளி நாட்களில் அவர் அம்மா கட்டிய தேர்வுக் கட்டணம்.

மதுரை, இளங்கலை ஆங்கிலம் இரண்டாம் ஆண்டு:

பார்வையற்ற தேர்வர்கள் சொல்லச் சொல்ல எழுதித்தரும் ஸ்க்ரைப் வேலையை நான் செய்துவருகிறேன். சில தேர்வுகளில் நடத்துகிறவர்களே எழுதுபவரை அமர்த்துவார்கள். சிலவற்றில் தேர்வரே தமக்கு வேண்டியவரை அழைத்து வரலாம். 2018ஆம் ஆண்டில் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டுதல்களின்படி, 2025இல் அவை மாற்றப்படும் வரை, தேர்வரே அழைத்து வரும் எழுத்தரின் கல்வித் தகுதி தேர்வரின் தகுதிக்கு ஒரு படி கீழே இருக்க வேண்டியிருந்தது. அதனால் பட்டதாரிகள் எழுதும் தேர்வுகளுக்கு இன்னும் பட்டம் வாங்காத நம்மைப் போன்றவர்களைத்தான் தேடினார்கள். ஒரு மணி நேரத்துக்கு இருபது நிமிடம் கூடுதலாகத் தருவதால், மூன்று மணி நேரத் தேர்வு நான்கு மணி நேரமாக நீளும். அதை முன்கூட்டியே தெரிந்துகொண்டு போவது நல்லது.

உட்கார்ந்து எழுதுவதுதானே என்று தோன்றும். கட்டுரைத் தாளில் அது உண்மை. அவர் சொல்வதை எழுதி, ஒருமுறை வாசித்துக் காட்டினால் போதும். அட்டவணையும் வரைபடமும் உள்ள தாளில்தான் நம் திறமை தெரியும். எந்த வரிசையில் என்ன எண் இருக்கிறது என்பதை, விடையை உணர்த்தும் தொனி எதுவும் இல்லாமல், அவர் மனத்தில் பதியும் வேகத்தில் சொல்ல வேண்டும். அவர் தவறான விடையைச் சொன்னால் அதையே எழுத வேண்டும். எனக்குச் சரியான விடை தெரிந்திருந்த போதெல்லாம் இதுவே கடினமாக இருந்தது. வாய்ப்பிருந்தால் தேர்வுக்கு முன் ஒருநாள் இருவரும் சேர்ந்து பழைய வினாத்தாள் ஒன்றை எழுதிப் பார்த்துவிடுங்கள்.

பணம் பற்றிச் சொல்ல வேண்டும். நடத்துகிற அமைப்பு மதிப்பூதியம் தந்தால் வாங்கிக்கொள்கிறேன். தேர்வர் தம் கைப்பணத்திலிருந்து தருவதென்றால் பேருந்துக் கட்டணத்துக்கு மேல் வாங்குவதில்லை. என் தோழி இதில் என்னோடு உடன்படமாட்டாள். ஒரு நாளை முழுதாகக் கொடுப்பவளுக்குக் கூலி வாங்குவதில் என்ன கூச்சம் என்பது அவள் வாதம். அவள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, அவள் வீட்டு நிலைமை வேறு.

கோவில்பட்டி, சென்னை விடுதியில் தங்கி இளங்கலை இயற்பியல்:

ஊருக்குப் போய்வரும்போதெல்லாம் கடலைமிட்டாய் கொண்டுவந்து விடுதியில் விற்கிறேன். 2020இல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு பெயரைச் சொன்னாலே வாங்குகிறார்கள். எப்படியும் ஊருக்குப் போகிறேன், எப்படியும் பையில் இடம் இருக்கிறது. கூடுதலாக நான் செய்வதெல்லாம் சந்தைப் பக்கம் ஒரு நடை நடந்து மொத்த விலைக்கு வாங்குவதுதான். பால்கோவாவும் கொண்டுவரச் சொல்கிறார்கள், ஆனால் இரவுப் பயணத்தில் அது கெட்டுப்போனால் நட்டம் என் தலையில் விழும். மழைக்காலத்தில் கடலைமிட்டாயும் நமுத்துப்போகும் என்பதால் காற்றுப் புகாத டப்பா அவசியம்; ஐப்பசி, கார்த்திகையில் பாதி அளவே வாங்குவேன்.

ஒரு செய்தியையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கத்து மாணவர்கள் சிலர் தீபாவளிக்கு முன்பு சிவகாசிப் பட்டாசு விலைப்பட்டியலை வாட்ஸப்பில் போட்டு ஆர்டர் எடுப்பார்கள். பட்டாசுக்கு இணையவழி ஆர்டர் ஏற்கக்கூடாது என்று 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் வணிகத் தளங்களுக்கு உத்தரவிட்டது. ரயிலில் பட்டாசு கொண்டுபோவதும் ரயில்வே சட்டப்படி குற்றம். என்னிடம் கேட்ட நண்பர்களுக்கெல்லாம் கடலைமிட்டாயே போதும் என்று சொல்லிவிட்டேன்.

சேலம், கணினிப் பயன்பாட்டியல் மூன்றாம் ஆண்டு:

எதுவுமே செய்ய வேண்டாம், பணம் மட்டும் வரும் என்று என்னிடம் வந்த ஒரே வாய்ப்பைப் பற்றி எழுதுகிறேன். விடுதிக்கு வந்து பழகிய வெளியாள் ஒருவர், என் பெயரில் புதிதாக ஒரு வங்கிக் கணக்குத் தொடங்கி, ஏடிஎம் அட்டையையும் அதோடு இணைத்த சிம் கார்டையும் தன்னிடம் கொடுத்துவிட்டால் அங்கேயே சில ஆயிரம் தருவதாகவும், பிறகு மாதந்தோறும் தருவதாகவும் சொன்னார். வரி மிச்சப்படுத்த ஒரு நிறுவனம் பல கணக்குகளைப் பயன்படுத்துகிறது என்பது அவர் சொன்ன விளக்கம். நான் மறுத்துவிட்டேன்; எதிர் அறையில் இருந்தவன் கொடுத்துவிட்டான்.

நடப்பது இதுதான். இணைய மோசடியில் யாரோ ஒருவரிடம் பறித்த பணம் முதலில் இப்படிப்பட்ட கணக்கில் விழுந்து, சில நிமிடங்களில் வேறு கணக்குகளுக்குப் பிரிந்து போகும். ஏமாந்தவர் 1930 என்ற எண்ணில் புகார் செய்ததும், பணம் போன வழியில் உள்ள கணக்குகளை வங்கிகள் முடக்குகின்றன. காவல் துறை முதலில் தேடி வருவது கணக்கு யார் பெயரில் இருக்கிறதோ அவரைத்தான். அட்டையை வாங்கிக்கொண்டு போனவரின் உண்மைப் பெயர்கூட நமக்குத் தெரியாது. எதிர் அறை நண்பனுக்கு வேற்று மாநிலக் காவல் நிலையத்திலிருந்து அறிவிப்பு வந்தது. விடுதிக் கட்டணம் கட்ட வைத்திருந்த அவனுடைய பழைய கணக்கும் சேர்ந்து முடங்கியது. அவன் அப்பா பேருந்து ஏறி வந்து வழக்கறிஞரைத் தேடியதை நேரில் பார்த்தேன்.

டெலிகிராமில் காணொளிக்கு விருப்பக் குறி இட்டால் பணம் என்பதும் இதே குடும்பத்தைச் சேர்ந்தது. முதலில் சிறு தொகை உண்மையாகவே வரும். பிறகு பெரிய டாஸ்க்குக்கு முன்பணம் கட்டச் சொல்வார்கள்.

தருமபுரி, அரசு கலைக் கல்லூரி முதலாண்டு:

இது சம்பாத்தியம் ஆகாது, ஆனாலும் எழுதுகிறேன். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்துவிட்டு உயர்கல்வியில் சேர்ந்த மாணவியருக்குப் புதுமைப்பெண் திட்டத்தில் 2022 செப்டம்பர் முதலும், மாணவர்களுக்குத் தமிழ்ப்புதல்வன் திட்டத்தில் 2024 ஆகஸ்ட் முதலும் மாதம் ஆயிரம் ரூபாய் வங்கிக் கணக்குக்கு வருகிறது. அரசு உதவிபெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் உண்டு. வேறு உதவித்தொகை வாங்குவது இதற்குத் தடையில்லை. எங்கள் வகுப்பிலேயே ஆதார் இணைப்புச் சரியில்லாததால் பணம் வராமல், கேட்கவும் தயங்கி உட்கார்ந்திருந்தவர்கள் உண்டு. கல்லூரி அலுவலகத்தில் இதற்கென ஒரு பொறுப்பாசிரியர் இருப்பார். ஒரு மதிய இடைவேளை போதும்.

திருநெல்வேலி, இளங்கலை தமிழ் மூன்றாம் ஆண்டு:

குரல் பதிவு வேலையை யாரும் சொல்லவில்லை. பேச்சைப் புரிந்துகொள்ளும் மென்பொருள்களுக்குப் பல வட்டார வழக்குகளில் பேச்சுப் பதிவுகள் தேவைப்படுவதால், முகவர்கள் வழியாகக் கல்லூரிகளில் ஆள் சேர்க்கிறார்கள். செயலியில் தோன்றும் வாக்கியத்தை வாசிக்க வேண்டும், அல்லது ஒரு பொருளைப் பற்றிச் சில நிமிடம் இயல்பாகப் பேச வேண்டும். அமைதியான அறை கிடைப்பதுதான் பெரும்பாடு. மின்விசிறிச் சத்தம் விழுந்த பதிவுகளைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள், அவற்றுக்குப் பணம் இல்லை. நான் நள்ளிரவில் போர்வைக்குள் பதிவு செய்து தப்பித்தேன். இதே போலக் குரல் பதிவுகளைத் திரட்டும் மொசில்லாவின் காமன் வாய்ஸ் திட்டம் முற்றிலும் தன்னார்வப் பணி, அங்கே ஊதியம் கிடையாது என்பதையும் தெரிந்துகொண்டு போங்கள். ஒப்புதல் படிவத்தை முழுவதும் படிக்காமல் கையெழுத்திடாதீர்கள். வேலை தருவதற்கு முன் பணம் கேட்கும் முகவரிடம் பேச்சை நீட்டவே வேண்டாம்.

நாகர்கோவில், இளங்கலை கணிதம் முதலாண்டு:

சென்னை அக்காவிடம் ஒரு கேள்வி. எனக்குப் பிரவீணுக்கு முந்தைய நிலையான விஷாரத் வரை முடிந்திருக்கிறது. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் என்பதால் கட்டணம் பேசக் கூச்சமாக இருக்கிறது, எப்படித் தொடங்குவது?

சென்னை, இளங்கலை வணிகவியல் மூன்றாம் ஆண்டு:

முதல் நாளே சொல்லிவிடுங்கள், தம்பி. நேரில் சொல்லத் தயக்கமாக இருந்தால் நாள், நேரம், கட்டணம் மூன்றையும் எழுதி, பிள்ளையின் அம்மாவுக்கு வாட்ஸப்பில் அனுப்புங்கள். சபாவுக்குக் கட்டும் தேர்வுக் கட்டணமும் புத்தக விலையும் தனி என்பதையும் அதிலேயே குறிப்பிட்டுவிட வேண்டும். தேர்வு நெருங்கும்போது குழப்பம் வருவது பெரும்பாலும் அதில்தான். விஷாரத் முடித்தவர் பிராத்மிக், மத்யமா இரண்டையும் தாராளமாக எடுக்கலாம். ஆகஸ்ட் தேர்வுக்கு எழுத வைப்பதாக இருந்தால் பங்குனியிலேயே பிள்ளைகளைச் சேர்த்துவிடுங்கள், கோடை விடுமுறையில் பாதிப் பேர் பாட்டி வீட்டுக்குப் போய்விடுவார்கள்.