படகுக்குக் கைகொடுத்த அரசு, படகில் போகிறவனுக்கு?

தங்கச்சிமடத்தான்:
வீட்டில் ஒரு வாரமாகச் சண்டை. மாமா விசைப்படகு வைத்திருக்கிறார், நான் கரையில் கணக்கு எழுதுகிறவன். 2008 கடைசியில் ஜெனரல் மோட்டார்ஸும் கிறைஸ்லரும் மூழ்கப் பார்த்தபோது அமெரிக்க அரசு 1740 கோடி டாலர் கடன் கொடுத்துத் தூக்கிவிட்ட கதை எப்படியோ பேச்சில் வந்தது. உடனே மாமா, "சங்கம்தான் அந்தக் கம்பெனியைத் தின்னுச்சு, இங்கேயும் ஆளுங்க பங்கு கேட்டே என் படகு நிக்குது" என்று ஒரே போடாகப் போட்டார். நொடிந்த தொழிலுக்கு அரசு பணம் போடும்போது தொழிலாளர் சங்கம் பாரமா, துணையா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய பிட்டர்:
தம்பி, உங்கள் மாமா பாதிக் கதைதான் கேட்டிருக்கிறார். பெட்ரோல் விலை ஏறியபோது யாரும் வாங்காத பெரிய வண்டிகளைச் செய்துகொண்டிருந்தது சங்கமில்லை, நிர்வாகம். 2009 ஜூன் 1 அன்று ஜெனரல் மோட்டார்ஸ் திவால் மனு போட்டது. அந்தச் சமயத்தில் சங்கம் கொஞ்சமா விட்டுக்கொடுத்தது? 2015 வரை வேலைநிறுத்தம் இல்லை என்று ஒப்புக்கொண்டது, ஓய்வுபெற்றவர்களின் மருத்துவச் செலவுக்கு வரவேண்டிய பணத்தில் பெரும்பகுதிக்குக் கம்பெனிப் பங்கை வாங்கிக்கொண்டது. புதிதாகச் சேருகிறவனுக்குப் பாதிச் சம்பளம் என்பது அதற்கும் முன்னால், 2007 ஒப்பந்தத்திலேயே வந்துவிட்டது. ஒரே வேலைக்குப் பழையவனுக்கு ஒன்று, புதியவனுக்கு ஒன்று என்ற அந்த இரண்டு விதச் சம்பளத்தை உடைக்க 2023-ல் ஆறு வாரம் வேலைநிறுத்தம் செய்ய வேண்டியிருந்தது. அரசுக்கும் ஜெனரல் மோட்டார்ஸ் கணக்கில் ஆயிரம் கோடி டாலருக்கு மேல் நட்டம், அதையும் மறைக்க வேண்டாம்.

பாம்பன் கூலி:
அமெரிக்கா இருக்கட்டும் அண்ணே. நம்ம கரையில் "சங்கம்" என்றால் யார்? படகு உரிமையாளர்கள். ஸ்டிரைக் என்று சொல்வதும் அவர்கள்தான், அதிகாரியிடம் பேசப் போவதும் அவர்கள்தான். நான் பதினாறு வருடமாகக் கடலுக்குப் போகிறேன், எங்கள் படகில் போகிற ஒருத்தனும் எந்தச் சங்கத்திலும் இல்லை. டீசல், ஐஸ் செலவைக் கழித்த பிறகுதான் எங்களுக்குப் பங்கு, ஆனால் அந்தக் கணக்கு நோட்டு எங்கள் கண்ணில் படாது. 2017-ல் ஆழ்கடல் படகுத் திட்டம் வந்ததே, ஒரு படகு 80 லட்சம், மத்திய அரசு பாதி, மாநில அரசு 20 சதவீதம். யாருக்கு? இழுவைப் படகை ஒப்படைக்கிற முதலாளிக்கு. அவர் ஒப்படைத்தால் அதில் போன நாங்கள் எங்கே போவது என்று எவரும் கேட்கவில்லை, கேட்க எங்களுக்கும் வாய் இல்லை. மீன்பிடித் தடைக்கால நிவாரணம் மட்டும் குடும்பத்துக்கு என்று வருவதால் கையில் கிடைக்கிறது, 61 நாளுக்கு 8000 ரூபாய். அதை வைத்து எத்தனை நாள் சமைப்பது என்று என் வீட்டுக்காரியைத்தான் கேட்க வேண்டும்.

வாலிநோக்கம் மகள்:
பாம்பன் தம்பி சொன்னது உப்பளத்துக்கும் பொருந்தும். எங்கள் ஊரில் உப்புக் கழகம் அரசுடையது, அங்கே கூலி ஏறவில்லை என்றால் போய்க் கேட்க ஒரு அலுவலகமாவது இருக்கிறது. அம்மா தனியார் பாத்தியில் வேலை பார்த்த காலத்தில் முதலாளி சொன்னதுதான் கூலி. மழைக்கால நிவாரணம் 5000 ரூபாய் என்று பிற்பாடு வந்ததும், பல வருடம் மனு கொடுத்துக் கத்தியதால்தான் வந்தது. ஆனால் சங்கத்துக்காரர்கள் எல்லாரும் உத்தமர்கள் என்று நான் சொல்லமாட்டேன், சந்தா வாங்கிப் போனவர் அடுத்த வருடம் சந்தா வாங்கத்தான் வந்தார்.

தங்கச்சிமடத்தான்:
மாமாவிடம் எல்லாவற்றையும் வாசித்துக் காட்டினேன். அமெரிக்கக் கதைக்கு ஒன்றும் சொல்லவில்லை, நோட்டு விஷயத்துக்குத்தான் கோபம் வந்தது. "என் நோட்டை யார் வேணும்னாலும் பார்க்கலாம்" என்கிறார். அந்த நோட்டை எழுதுகிறவன் நான்தான், இதுவரை ஆளுங்க யாரும் கேட்டதில்லை என்பதும் உண்மை.

பாம்பன் கூலி:
கேட்டால் அடுத்த தடவை ஏற்றுவாரா என்று முதலில் கேட்டுச் சொல்லுங்கள் அண்ணே. புதன்கிழமை கடலுக்குப் போகிறோம், வியாழன் காலையில் கரைக்கு வந்துவிடுவேன்.