ஹேமக்கில் முதுகு மட்டும் விறைக்கிறது, ஸ்மோக்கீஸ் மலைகளுக்கு முன் என்ன செய்யலாம்?

தனிநடை:
வணக்கம். அமெரிக்காவின் நீண்ட மலைநடைப் பாதையான அப்பலாச்சியன் டிரெயிலில் தெற்கிலிருந்து வடக்காகத் தனியாக நடக்கிறேன். மார்ச் நடுவில் ஸ்பிரிங்கர் மலையில் தொடங்கி, சுமார் 176 கிலோமீட்டர் கடந்து, இன்று நார்த் கரோலைனாவின் ஃபிராங்க்ளினில் ஓய்வு. கூடாரம் வேண்டாம், ஹேமக் (இரண்டு மரங்களுக்கு நடுவே கட்டும் துணித் தூளி) போதும் என்று கிளம்பியவன். அட்லாண்டாவில் வீட்டுக்குப் பின்னால் கட்டிப் படுத்தபோது அருமையாகத்தான் இருந்தது. ஆனால் அது செப்டம்பர்.

இங்கே இரவில் 2, 3 டிகிரி. ஸ்லீப்பிங் பேக் (உள்ளே புகுந்து தூங்கும் பை) மைனஸ் 7 வரை தாங்கும் என்று போட்டிருக்கிறது. நெஞ்சு, வயிறு கதகதப்பாக இருக்கின்றன. முதுகும் இடுப்பும் மட்டும் விறைத்துப் போகின்றன. இரண்டு மணிக்கு விழித்தால் அப்புறம் தூக்கமே இல்லை. கையில் இருந்த துணியெல்லாம் போட்டுக்கொண்டு பார்த்துவிட்டேன். பேக்கில் ஏமாந்துவிட்டேனா?

இன்னும் இரண்டு தொல்லைகள்: முழங்காலுக்குப் பின்னால் வலி, நேற்றைய மழையில், மேலே தார்ப்பாய் இருந்தும் தலைமாடு நனைந்துவிட்டது.

மெய்ன்வரை:
பேக் மேல் பழி இல்லை. சூடு தருவது பேக்குக்குள் இருக்கும் இறகு அல்ல, அந்த இறகு பிடித்து வைத்திருக்கும் காற்று. உங்கள் எடையில் கீழ்ப்பக்க இறகு அப்பளமாக நசுங்கிவிடுகிறது. தரையில் படுத்தாலும் நசுங்கும்தான். ஆனால் ஹேமக்கில் அடியில் காற்று ஓடிக்கொண்டே இருக்கிறது. எத்தனை சட்டை போட்டாலும் அவையும் நசுங்கும்.

தீர்வு அண்டர்குவில்ட். ஹேமக்குக்கு வெளியே, அடியில் தொங்கும் மெத்தை. அதன் மேல் யாரும் படுப்பதில்லை, அதனால் நசுங்காது. ஹேமக்கோடு ஒட்டி இருக்க வேண்டும். இடைவெளி விட்டால் காற்று புகுந்து, வாங்கிய காசு வீண்.

பாதிச்சுமை:
மெய்ன்வரை சொல்வது சரி, ஆனால் இந்த வாரத்துக்கு அது தப்பான ஆலோசனை. தம்பி, நான்கைந்து நாளில் நீங்கள் ஃபொன்டானா அணையைத் தாண்டி ஸ்மோக்கீஸ் பூங்காவுக்குள் போவீர்கள். அங்கே டிரெயில் நெடுக ஷெல்டரில்தான் (பலகையில் படுக்கும் கொட்டகை) தங்க வேண்டும். முழுப் பயண அனுமதிச் சீட்டு உள்ளவர்கள், ஷெல்டர் நிரம்பினால் மட்டும் பக்கத்தில் வெளியே தங்கலாம். ஷெல்டருக்குள் ஹேமக் கட்டக் கூடாது, அதன் தூணிலும் கூடாது. ஆக, சுமார் 115 கிலோமீட்டருக்குப் பலகையில் படுக்கத் தயாராக இருக்க வேண்டும். பலகையில் அண்டர்குவில்ட் எதற்கு?

ஃபிராங்க்ளினிலேயே மடிக்கும் ஃபோம் பேட் (அடியில் போடும் விரிப்பு) ஒன்று வாங்குங்கள். அரைக்கிலோகூட இருக்காது. ஹேமக்கிலும் உதவும், பலகையிலும் உதவும். காற்றடிக்கும் பேட் வேண்டாம், ஹேமக்கில் வழுக்கிக்கொண்டே இருக்கும். குவோஹி உச்சி (முன்பு கிளிங்மன்ஸ் டோம்) 2,025 மீட்டர், டிரெயிலிலேயே அதுதான் உயரம். ஏப்ரலிலும் பனி விழும். விளையாட்டில்லை.

தனிநடை:
ஷெல்டர் விதி தெரியும், ஆனால் பலகையை யோசிக்கவே இல்லை அண்ணா! ஃபோம் பேடும் நழுவாதா? அகலம் 50 செ.மீ.தானே, தோள் வெளியே நிற்குமே?

பாதிச்சுமை:
நழுவும். பேடை ஸ்லீப்பிங் பேக்குக்குள் விட்டு அதன் மேல் படுங்கள், இரண்டும் ஒன்றாக நகரும். தோளுக்கு, உட்காரும் சின்ன ஃபோம் துண்டு ஒன்றைக் குறுக்கே செருகுங்கள். ஒரு குறை உண்டு: ஃபோம் வியர்வையை வெளியே விடாது, காலையில் முதுகு கொஞ்சம் ஈரமாக இருக்கும். விறைப்பதற்கு அது தேவலாம்.

தூளிக்காரி:
கால்வலிக்கு நான் வருகிறேன். நேராகப் படுக்கிறீர்கள், இல்லையா? அப்படிப் படுத்தால் தூளிக்குள் குழந்தை மாதிரி உடம்பு வளையும், குழந்தைக்கு அது சுகம், நமக்கு இல்லை. தலையை ஒரு பக்கமும் காலை எதிர்ப்பக்கமும் தள்ளிக் குறுக்குவாட்டில் படுங்கள், உடம்பு ஏறக்குறைய சமமாகும். அதற்கு ஹேமக் தொய்வாக இருக்க வேண்டும். ஹேமக்கை மரத்தில் கட்டும் நாடாப் பட்டை மரத்திலிருந்து சுமார் 30 டிகிரி சாய்வில் இறங்கட்டும். விறைப்பாக இழுத்துக் கட்டுவதுதான் எல்லோரும் முதலில் செய்யும் தப்பு, நானும் செய்தேன்.

நனைந்ததற்குக் காரணமும் அந்த நாடாப் பட்டைதான். மரத்தில் வழியும் மழை பட்டை வழியாகவே உள்ளே வருகிறது. தார்ப்பாய்க்குள் வரும் இடத்தில், ஹேமக்குக்கு முன்பாகப் பட்டையில் ஒரு துண்டுக் கயிற்றைக் கட்டித் தொங்க விடுங்கள். தண்ணீர் அதில் இறங்கிச் சொட்டிவிடும்.

கட்டும் முன் அண்ணாந்து பாருங்கள். காய்ந்த கிளை, பட்ட மரம் இருந்தால் வேறு இடம்.

தனிநடை:
ஃபொன்டானாவிலிருந்து எழுதுகிறேன். பேட் வாங்கினேன். வாயா பால்டைத் தாண்டிய முதல் இரவே ஐந்தரை வரை தூங்கினேன். (பால்ட் என்றால் மொட்டை உச்சி, கட்ட மரமே கிடையாது, கீழே இறங்கித்தான் தேட வேண்டும்.) குறுக்காகப் படுத்ததில் கால்வலி போய்விட்டது. கயிற்றுத் துண்டும் வேலை செய்கிறது, ஷூ லேஸில் பாதியை வெட்டிக் கட்டினேன். தோள் மட்டும் இன்னும் குளிர்கிறது. ஃபோம் துண்டு ராத்திரியில் எங்கோ போய்விடுகிறது.

பாதிச்சுமை:
ஜாக்கெட்டின் தோள் பக்கத்துக்குள் செருகிக்கொண்டு படுங்கள். ஷூவுக்கு லேஸ் மிச்சம் இருக்கிறதா?