பக்கத்தில் ராக்கெட் எஞ்சின் சோதனை மையம் வந்தால் சின்னப் பட்டறைக்கு என்ன கிடைக்கும்?

திருகாணி:
வாகன உதிரிபாகம் செய்யும், ஐந்தாறு சிஎன்சி (கணினி இயக்கும்) மெஷின் உள்ள பட்டறைக்கு இப்படியொரு மையத்தின் வால்வு வேலை கிடைக்குமா? "வட்டாரமே வளரும்" என்கிறார்கள். எந்த வழியாக வளரும் என்று யாரும் சொல்வதில்லை.

மைக்ரான்:
கிடைக்கும். முதலில் தடுக்கப்போவது காகிதம். ஏஎஸ்9100 என்ற விமான, விண்வெளித் துறைத் தரச் சான்று கேட்பார்கள். ரவுண்ட் பாரின் ஹீட் நம்பர் (எந்த உருக்கில் வந்த உலோகம் என்று காட்டும் எண்), உலோக ஆலை தரும் மில் டெஸ்ட் சர்டிஃபிகேட்டோடு ஒத்துப்போக வேண்டும். பாரை வெட்டியதும் மிச்சத் துண்டிலும் அதே எண்ணைப் பஞ்ச் செய்யுங்கள். இதை விட்டால் அளவு துளியும் பிசகாத பாகம்கூட ஸ்கிராப்தான். முதல் பீஸுக்கு, வரைபடத்தின் ஒவ்வொரு அளவுக்கும் பலூன் எண் (வட்டத்துக்குள் வரிசை எண்) போட்டு, அளந்த மதிப்பை ஏஎஸ்9102 என்ற முதல் பீஸ் சோதனைப் படிவத்தில் தர வேண்டும்.

திரவ ஆக்சிஜன் வால்வு என்றால் பாதி வேலை சுத்தம் செய்வதுதான். மைனஸ் 183 டிகிரியில் கொதிக்கும் திரவம் அது. அது கட்டிங் ஆயில் பிசுக்கின் மேல் பட்டால், சின்னதாக ஒரு அடி விழுந்தாலே பற்றிக்கொள்ளும். குறுக்குத் துளைகள் சந்திக்கும் இடத்துப் பிசிரைக் கண்டிப்பாக எடுங்கள். அதன் அடியில் எண்ணெய் ஒளிந்திருக்கும். உடைந்து ஓடி எங்காவது மோதினால் பிசிரே தீ மூட்டும். பிறகு காரக் கரைசலில் அல்ட்ராசோனிக் (ஒலி அதிர்வால் கழுவுதல்), அயனி நீக்கிய நீரில் அலசல், எண்ணெயில்லா நைட்ரஜனில் உலர்த்தல். இங்கே சாதாரண கம்ப்ரசர் காற்றை அடித்தால், எடுத்த எண்ணெயைத் திரும்பப் பூசிய கதைதான். புற ஊதா விளக்கில் பாருங்கள், ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள்: எல்லா எண்ணெயும் அதில் ஒளிராது. கடைசியில் இரட்டைப் பாலித்தீன் உறை.

கணக்குப்பிள்ளை:
மைக்ரான் சொன்னது சரி. ஆர்டர் அளவையும் பாருங்கள். ஒரு தடவைக்குச் சில பீஸ். அடுத்தது எப்போது என்று தெரியாது. வாகன வேலையை விட்டுவிட்டு இதையே நம்பினால் மெஷின் சும்மா நிற்கும். ஒரு மெஷினை ஒதுக்குங்கள், போதும். டிஐ-6ஏஎல்-4வி என்ற டைட்டானியக் கலவையைக் கடைந்து பழகிய கைக்கு எலும்பு இம்பிளான்ட் வேலையும் வரும், கிட்டத்தட்ட அதே கலவைதான். சூட்டை எளிதில் கடத்தாத உலோகம் என்பதால் வெப்பமெல்லாம் டூல் முனையில் தங்கும். வேகத்தைக் குறையுங்கள்; ஃபீடை (டூல் முன்னேறும் அளவை) ரொம்பக் குறைத்தால் டூல் வெட்டாமல் உரசி, இன்னும் சூடாகும்.

ஏவுதளவாசி:
வட்டாரத்துக்கு எது தங்கும் என்பதற்கு தென் அமெரிக்காவில் பிரெஞ்சு கயானாவின் கூரூவில் உள்ள ஐரோப்பிய ஏவுதளத்தைப் பாருங்கள். அங்கிருந்து பறந்த ஏரியான் 5 ராக்கெட்டின் மையப்பகுதி ஐரோப்பாவிலிருந்து கப்பலில்தான் வந்தது. பக்கவாட்டில் பொருத்தும் பூஸ்டரின் பெரிய பகுதிகளுக்குத் திட எரிபொருள் வார்ப்பது மட்டும் அங்கேயே நடந்தது, ஏனென்றால் நிரப்பிய பூஸ்டரைக் கடல் தாண்டிக் கொண்டுவருவது அவ்வளவு சிரமம். தூக்கிச் செல்ல முடியாத வேலை எதுவோ அதுதான் உள்ளூரில் நிற்கும். கண்டுபிடிப்பு அப்படியல்ல, பறந்துவிடும்: நாசாவின் ஜேபிஎல் ஆய்வகத்தில் 1990களில் உருவான சிமோஸ் பட உணரி (ஒளியைப் படமாக்கும் சில்லு) இன்று உலகம் முழுக்கக் கைபேசிக் கேமராவில் இருக்கிறது.

திருகாணி:
நன்றி. இரட்டை உறை எதற்கு?

மைக்ரான்:
வெளியுறையில் வழியெல்லாம் தூசி படியும். சுத்த அறை வாசலில் அதைக் கழற்றிவிட்டு உள்ளுறையோடு மட்டும் உள்ளே எடுத்துப்போவார்கள்.