குளிர்கால தேனீ மட்டும் எப்படி ஆறு மாசம் உயிரோட இருக்கு?

கனடா மாதிரி பனி கொட்டுற நாட்டுல கூட்டுல தேன் இருக்கும் சரி, ஆனா பூவே இல்லையே, புரோட்டீனுக்கு எங்க போகும்? கோடையில ஆறு வாரத்துல செத்துடுற பூச்சி அது.

பதில் 1: உடம்புலயேதான் பாஸ். வயித்துப்பகுதி ஓட்டுக்கு உள்பக்கம் கொழுப்புத் திசு இருக்கும், நமக்கு கல்லீரல் செய்ற வேலையையும் தேனீக்கு அதுதான் பாக்குது. இலையுதிர் காலத்துல பொறக்குற தேனீ மகரந்தத்தை நல்லா தின்னும், ஆனா ஊட்டி வளர்க்க புழு கம்மி, அதனால வைட்டலோஜெனின்ங்கிற புரதம் செலவாகாம அப்படியே தங்கிடும். லென்ஸ் வச்சு பாத்திருக்கேன், குளிர்கால தேனீக்கு உள்ள வெள்ளையா பாலாடை மாதிரி படிஞ்சிருக்கும், கோடையில தேன் தேடிப் பறக்குற தேனீக்கு அப்படி ஒண்ணும் தெரியாது. குளிர் முடியுறதுக்குள்ள ராணி முட்டை போட ஆரம்பிச்சதும் இந்த இருப்புலதான் புழுவுக்கு ஊட்டும்.

பதில் 2: அதான் தேனீ மேல ஒட்டிக்கிட்டு வாழுற வரோவா உண்ணி இவ்வளவு டேஞ்சர். ரத்தம் குடிக்குதுன்னுதான் ரொம்ப வருஷம் நம்பினாங்க, 2019ல சாமுவேல் ராம்சேங்கிற ஆராய்ச்சியாளரோட குழு அது முக்கியமா இந்தக் கொழுப்புத் திசுவைத்தான் திங்குதுன்னு காட்டுச்சு. அதனால உண்ணிக்கு மருந்தை, குளிர்கால தேனீ பொறக்குறதுக்கு முன்னாடி ஆகஸ்ட்லயே போடணும், அக்டோபர்ல போட்டா லேட்டு.

கேட்டவர்: அப்போ சீனிப்பாகு ஊத்தினா பத்தாதா?

பதில் 1: அது வெறும் எரிபொருள்ங்க, கொழுப்புத் திசு தேற மகரந்தம் வேணும்.