புதுப்பிப்பு: வேலூர் வெயிலில் மராத்தான் பயிற்சி, ஓராண்டுக்குப் பிறகு

வேலூர் வெயிலில் முழு மராத்தானுக்குத் தயாராக முடியுமா என்று சென்ற கோடையில் கேட்டிருந்தேன். பலர் அக்கறையோடு பதில் எழுதினீர்கள். முடிந்தது, 42.195 கிலோமீட்டரையும் ஓடி முடித்துவிட்டேன்.

கடிகாரத்தைப் பார்த்து ஓடாதே, மூச்சைக் கவனித்து ஓடு என்று ஓர் அக்கா எழுதியதுதான் மிகவும் உதவியது. அக்னி நட்சத்திர நாட்களில் இங்கே வெயில் 40 டிகிரியைத் தாண்டிவிடும். உடலைக் குளிர்விக்க இரத்தம் தோலுக்கும் பாய வேண்டியிருப்பதால், அதே வேகத்துக்கே இதயம் கூடுதலாகத் துடிக்கிறது. ஆகவே விடியுமுன் கோட்டை அகழியை ஒட்டி மெதுவாகவே ஓடினேன். பனியன் காய்ந்ததும் முதுகுப் பக்கம் வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்திருக்கும். அதைப் பார்த்த பிறகுதான் உப்புப் போட்ட நீர்மோரின் அருமை புரிந்தது.

ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் ஏற்றத்தைவிட இறக்கமே தொடையைப் பிழிந்தெடுத்தது. இறங்கும்போது தசை நீண்டுகொண்டே உடல் எடையைத் தாங்குகிறது. வலி மறுநாள்தான் தெரியும். அந்தப் பழக்கம் இல்லாமல் 30 கிலோமீட்டருக்கு மேல் என் கால்கள் தாங்கியிருக்காது என்று உறுதியாக நம்புகிறேன்.

அடுத்து ஜவ்வாது மலைச் சாலை. ஆலங்காயம் பக்கம் இருப்பவர்கள் துணைக்கு வந்தால் மிகவும் மகிழ்வேன்.