எஃப்-250 போதுமா? பெரிய ஃபிஃப்த் வீல் இழுக்கணும், அவசரம்

புதுவண்டி · வெள்ளி மாலை 4.50
வணக்கம். ஃபிஃப்த் வீல் ட்ரெய்லர் (ட்ரக்கின் பின் தொட்டியில் மாட்டி இழுக்கும் வீட்டு வண்டி) ஒன்று பேசி முடித்தாயிற்று. இழுக்க ட்ரக் வேண்டும். டீலரிடம் ஒரு 2021 ஃபோர்டு எஃப்-250 டீசல் இருக்கிறது, நல்ல நிலையில், விலையும் கையில் இருப்பதற்குள் வருகிறது. 18,000 பவுண்டு வரை இழுக்கும் என்கிறார்கள். நாளை காலைக்குள் சொல்லாவிட்டால் வேறு ஒருவர் எடுத்துவிடுவாராம். வாங்கலாமா? தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள்.

ஆஸ்டின்வாசி · 5.05
எந்த ட்ரெய்லர்? நீளம் என்ன? காலி எடையா, முழு எடையா? எங்கே போகப் போகிறீர்கள்? எத்தனை பேர்? இது எதுவும் தெரியாமல் யாரும் பதில் சொல்ல முடியாது.

டீசல்தான் · 5.12
டீசல் என்றால் கண்ணை மூடிக்கொண்டு எடுங்கள் ப்ரோ. 6.7 லிட்டர் பவர் ஸ்ட்ரோக், 475 குதிரைத்திறன், 1,050 பவுண்டு-அடி டார்க். 18,000 என்ன, அதற்கு மேலும் இழுக்கும். யோசித்துக்கொண்டிருந்தால் வண்டி போய்விடும்.

பழைய_சக்கரம் · 5.31
மாதம் ஒருமுறை இதே கேள்வி வருகிறது. பழைய இழைகளைத் தேடிப் பார்க்கும் பொறுமை யாருக்கும் இல்லை. ட்ரெய்லரை முதலில் பேசிவிட்டு ட்ரக்கைத் தேடுபவருக்கு என்ன சொல்வது? ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்து அதில் எழுதியிருப்பதைப் படியுங்கள். படிக்கத் தெரிந்தவருக்கு அதுவே போதும்.

சுமதி_டென்வர் · 5.44
@பழைய_சக்கரம் அண்ணா, அவர் முதல் தடவை வாங்குகிறார். கதவில் எதைப் படிப்பது என்பதையும் சேர்த்துச் சொன்னால்தானே உதவி?

@புதுவண்டி, கதவுச் சட்டத்தில் மஞ்சளும் வெள்ளையுமாக டயர் விவர ஸ்டிக்கர் ஒன்று இருக்கும். ஆட்களும் சாமான்களும் சேர்ந்து இத்தனை பவுண்டுக்கு மேல் போகக் கூடாது என்று அதில் ஒரு வரி வரும். அதுதான் அந்த வண்டியின் பேலோட். மாடலுக்கு ஒன்று என்றில்லை, ஒவ்வொரு வண்டிக்கும் தனித்தனி எண். சன்ரூஃப், தோல் சீட், நான்கு சக்கர இயக்கம் என்று என்னென்ன சேர்ந்திருக்கிறதோ அதற்கேற்ப அந்த எண் குறைந்துகொண்டே வரும். அந்த வரியைப் படம் எடுத்துப் போடுங்கள். அப்படியே ட்ரெய்லரின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் ஜிவிடபிள்யூஆர் எண்ணையும் (சாமானோடு சேர்த்து அந்த வண்டி இருக்கக்கூடிய அதிகபட்ச எடை).

புதுவண்டி · 6.20
மன்னிக்கவும், வேலையில் இருந்தேன். ட்ரெய்லர் 37 அடி, நான்கு ஸ்லைடு (நிறுத்திய பின் வெளியே நீளும் பகுதிகள்). பிரசுரத்தில் காலி எடை 12,200, ஹிட்ச் எடை (ட்ரக்கின் மேல் இறங்குவது) 2,350 என்று இருக்கிறது. ஜிவிடபிள்யூஆர் 15,500. நாங்கள் நால்வர். அப்பா அம்மா ஊரிலிருந்து வருகிறார்கள், ஆக ஆறு பேர். டல்லாஸிலிருந்து கொலராடோ, பிறகு யெல்லோஸ்டோன். ட்ரக் ஸ்டிக்கரைப் பார்க்கவில்லை, டீலர் கடை வேறு பக்கம் இருக்கிறது.

கணக்குப்பிள்ளை · 6.58
சரி, இப்போது கணக்குப் போடலாம்.

இழுக்கும் திறன் 18,000 என்பதை அப்படியே வைத்துவிடுங்கள். ஃபிஃப்த் வீலில் இடிப்பது அது இல்லை. சாதாரண டிராவல் ட்ரெய்லர் பம்பருக்குப் பின்னால் மாட்டும், அதன் எடையில் 10 முதல் 15 சதவீதம்தான் ட்ரக்கின் மேல் இறங்கும். ஃபிஃப்த் வீலை ட்ரக்கோடு இணைக்கும் கிங்பின் ட்ரக்கின் சாமான் தொட்டிக்குள், பின் அச்சுக்கு மேல் உட்காருகிறது. அங்கே 20 முதல் 25 சதவீதம் இறங்கும்.

பிரசுரத்து 2,350 காலி வண்டிக்கு. தண்ணீர், பேட்டரி, எரிவாயு உருளை, பாத்திரம், துணிமணி எல்லாம் ஏறிய பிறகு அந்த எண் நிற்காது. தண்ணீர் ஒரு கேலனுக்கு 8.3 பவுண்டு, 60 கேலன் தொட்டி நிரம்பினால் 500 பவுண்டு. அதனால் எப்போதும் 15,500-ஐ வைத்தே பாருங்கள். 20 சதவீதம் என்றால் 3,100, 22 என்றால் 3,410.

அதோடு ட்ரக்கில் பொருத்தும் ஹிட்ச் 200, ஆறு பேர் 750, கருவிப்பெட்டி, ஐஸ்பெட்டி ஒரு 100. மொத்தம் 4,150 முதல் 4,460 வரை.

10,000 பவுண்டு ஜிவிடபிள்யூஆர் உள்ள டீசல் எஃப்-250, நான்கு கதவு, நான்கு சக்கர இயக்கம் என்றால் ஸ்டிக்கரில் பெரும்பாலும் 2,000 முதல் 2,600-க்குள்தான் இருக்கும். இன்ஜின் இழுத்துவிடும், அதில் சந்தேகமே இல்லை. தாங்க வேண்டியது பின் அச்சும் ஸ்பிரிங்கும் டயரும். ஸ்டிக்கர் அனுமதிக்கும் எடையைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு ஏற்றப் போகிறீர்கள்.

டீசல்தான் · 7.10
ஸ்டிக்கர் என்பது வக்கீல்கள் எழுதும் எண். எஃப்-250, எஃப்-350 ஒற்றைச் சக்கரம் (பின்னால் பக்கத்துக்கு ஒரே டயர்) இரண்டுக்கும் அதே சட்டகம், அதே இன்ஜின், அதே பிரேக். பல மாநிலங்களில் பதிவுக் கட்டணம் குறையட்டும் என்று 10,000-இல் நிறுத்தியிருக்கிறார்கள், அவ்வளவுதான். பின் அச்சின் தனி வரம்பையும் டயரின் தாங்குதிறனையும் பார்த்தால் போதும். பின் ஸ்பிரிங்கோடு ஏர்பேக் (காற்றுப் பை) போட்டால் பின்பக்கம் இறங்கவும் இறங்காது.

கணக்குப்பிள்ளை · 7.26
பாதி உண்மை. இரண்டும் பெரும்பாலும் ஒரே வண்டிதான், பத்தாயிரம் வரம்புக்குப் பதிவு ஒரு காரணம் என்பதும் சரி. ஆனால் பின் ஸ்பிரிங் அமைப்பு எல்லாவற்றிலும் ஒன்றல்ல. நீங்கள் சொல்லும் அச்சு வரம்பையே எடுத்துக்கொண்டாலும், 3,400 பவுண்டு ஏறக்குறைய முழுவதும் அந்த ஒரே அச்சின் மேல்தான் விழுகிறது. காலி வண்டியில் அதன்மேல் ஏற்கெனவே மூவாயிரம் சொச்சம் இருக்கிறது. பின் சீட்டில் உட்காருபவர்களின் எடையிலும் பெரும்பகுதி அங்கேதான் போகும். அந்த வழியில் கணக்குப் போட்டாலும் இடம் மிஞ்சாது.

ஏர்பேக் வண்டியை மட்டமாக நிற்க வைக்கும். அச்சின் வரம்பை ஒரு பவுண்டு கூட உயர்த்தாது. இதை எத்தனை பேரிடம் சொன்னாலும் நம்ப மறுக்கிறார்கள், அதுதான் எனக்கு வருத்தம்.

பெட்ரோல்_போதும் · 7.40
ஏன் யாரும் 7.3 லிட்டர் பெட்ரோல் இன்ஜினைப் பேசவில்லை? டீசல் இன்ஜின் சில நூறு பவுண்டு கூடுதல் எடை, அது பேலோடில் கழிகிறது. அதே வண்டியைப் பெட்ரோலில் எடுத்தால் அந்த எடை உங்களுக்குத் திரும்பக் கிடைக்கும். புது வண்டியில் டீசலுக்குப் பத்தாயிரம் டாலரை ஒட்டி அதிகம். டெஃப் (புகையைச் சுத்தம் செய்யும் திரவம்) ஊற்றணும், எரிபொருள் ஃபில்டர் மாற்றணும். வருடத்தில் ஒரு மாதம் இழுத்துவிட்டு மற்ற நாளெல்லாம் அலுவலகத்துக்கும் மளிகைக் கடைக்கும் ஓட்டினால் புகைக்கரி ஃபில்டர் அடைத்துக்கொள்ளும்.

டீசல்தான் · 7.52
கொலராடோ எல்லையில் ராட்டன் கணவாயில் பெட்ரோல் வண்டி முனகுவதைக் கேட்டிருக்கிறீர்களா? 7,834 அடி உயரம். டர்போ இல்லாத இன்ஜின் ஆயிரம் அடிக்கு ஏறக்குறைய 3 சதவீதம் சக்தி இழக்கும். அங்கேயே ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போய்விட்டது. கொலராடோவின் ஐசன்ஹவர் சுரங்கம் 11,000 அடிக்கும் மேல், மூன்றில் ஒரு பங்கு காலி. 430 குதிரையில் என்ன மிச்சம்?

பெட்ரோல்_போதும் · 8.01
மிச்சத்தில் மெதுவாக ஏறலாம். லாரிகள் எல்லாம் 35 மைல் வேகத்தில்தான் ஏறுகின்றன. யாருக்கு அவசரம்?

சுமதி_டென்வர் · 8.15
ஏறுவதைப் பற்றி இரண்டு பேரும் இவ்வளவு பேசுகிறீர்கள். எனக்குக் கவலை இறங்குவதில்தான். ஐசன்ஹவரிலிருந்து மேற்கே டில்லன் பக்கம் 7 சதவீதச் சரிவு, மைல் கணக்கில். கொலராடோவில் வருடா வருடம் பிரேக் புகைந்து ஓரம் கட்டி நிற்கும் ட்ரெய்லர்களைப் பார்க்கிறேன். டீசலின் எக்ஸாஸ்ட் பிரேக் (புகைவழியை இறுக்கி இன்ஜினாலேயே வேகத்தைக் குறைப்பது) அங்கே உயிர் காக்கும். பெட்ரோலில் கியரைக் குறைத்து இன்ஜினைப் பிடித்து இறங்கலாம், ஆனால் 25,000 பவுண்டை ஒட்டிய மொத்த எடையோடு அது அவ்வளவு பிடிக்காது. இந்த ட்ரெய்லருக்கும் இந்தப் பயணத்துக்கும் நான் டீசல் பக்கம். பேலோட் வேண்டுமென்றால் டூவலி எடுப்பதுதான் சரியான வழி. பின்னால் நான்கு டயர், 14,000 ஜிவிடபிள்யூஆர், ஸ்டிக்கரில் ஐயாயிரத்துக்கு மேல் வரும். ஒரு பின் டயர் வெடித்தாலும் இன்னொன்று தாங்கிப் பிடிக்கும்.

பழைய_சக்கரம் · 8.33
டூவலி எடுங்கள் என்று சொல்வது சுலபம். பின்பக்கம் 8 அடி அகலம், நகரத்தில் எங்கே நிறுத்துவார்? வீட்டு கராஜில் நுழையுமா? குடியிருப்புச் சங்கம் அனுமதிக்குமா? சிறிய ட்ரெய்லராக வாங்கியிருந்தால் இந்தப் பேச்சே தேவையில்லை. இப்போதெல்லாம் எல்லோருக்கும் முதல் ட்ரெய்லரே அரண்மனையாக இருக்க வேண்டும்.

ஆஸ்டின்வாசி · 8.47
வயதான அப்பா அம்மாவுக்குத் தனி அறை வேண்டும் என்று ஒருவர் நினைப்பதில் அரண்மனை எங்கே வந்தது? கேட்டதற்குப் பதில் சொல்லுங்கள் அண்ணா.

@புதுவண்டி, யாரும் சொல்லாத இரண்டு விஷயம். முதலாவது, சீட். முன்னால் நடுவில் கன்சோல் இருந்தால் அந்த வண்டியில் ஐந்து பேருக்குத்தான் பெல்ட். ஆறாவது ஆள் எங்கே? ஓடும்போது ட்ரெய்லருக்குள் யாரையும் உட்கார வைக்க வேண்டாம். முன் சீட் பெஞ்சாக உள்ள வண்டி பாருங்கள்.

இரண்டாவது, உரிமம். டெக்சாஸில் ட்ரக், ட்ரெய்லர் வரம்பு எடை இரண்டும் சேர்ந்து 26,001 பவுண்டைத் தொட்டு, ட்ரெய்லர் மட்டும் 10,000-ஐத் தாண்டினால் வகுப்பு ஏ உரிமம் வேண்டும். சொந்தப் பயணத்துக்குச் சிடிஎல் (வணிக ஓட்டுநர் உரிமம்) தேவையில்லை, வணிகமல்லாத வகுப்பு ஏ போதும். 10,000 ட்ரக்கும் 15,500 ட்ரெய்லரும் 25,500, தப்பிக்கிறது. டூவலி என்றால் 29,500. ஒற்றைச் சக்கர எஃப்-350-ம் பெரும்பாலும் தாண்டிவிடும். இதை எந்த டீலரும் எனக்குச் சொன்னதில்லை.

டீசல்தான் · 8.55
பார்த்தீர்களா, எஃப்-250-க்கு அதுவும் ஒரு லாபம்.

கணக்குப்பிள்ளை · 9.04
இரண்டாயிரம் பவுண்டு அதிகம் ஏற்றிக்கொண்டு ஓடுவதை லாபம் என்று தயவுசெய்து எழுதாதீர்கள். உள்ளே ஆறு பேர் இருக்கிறார்கள்.

மிசிசாகா_வாசகன் · 9.20
அதிக எடையோடு விபத்து நடந்தால் காப்பீடு ஒரு பைசா தராது என்று கேள்விப்பட்டேனே?

ஆஸ்டின்வாசி · 9.29
என் பாலிசியை வரிவரியாகப் படித்தேன், அப்படி ஒரு நிபந்தனை அதில் இல்லை. ஆனால் எதிர்த்தரப்பு வழக்குப் போட்டால் அந்த ஸ்டிக்கரைத்தான் முதலில் மேசையில் வைப்பார்கள். காப்பீட்டுக்குப் பயந்து வேண்டாம், பிரேக்குக்குப் பயந்து எடையைப் பாருங்கள்.

மிசிசாகா_வாசகன் · 9.35
கனடாவிலும் 26,001 தானா?

ஆஸ்டின்வாசி · 9.38
இல்லை, ஒவ்வொரு மாகாணத்துக்கும் தனி விதி. தனி இழை தொடங்குங்கள், இது கலைந்துவிடும்.

கணக்குப்பிள்ளை · 9.50
அந்த எஃப்-250 மேல் மிகவும் ஆசை என்றால் இன்னொரு வழி, ட்ரெய்லரை மாற்றுவது. ஸ்டிக்கர் 2,200 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆறு பேருக்கு 750 போனால் 1,450. ஃபிஃப்த் வீல் ஹிட்ச் 200 போனால் 1,250. அதை 20 சதவீதமாக எடுத்தால் ட்ரெய்லர் 6,250 பவுண்டு. ஆறு பேர் தங்கும் ஃபிஃப்த் வீல் அந்த எடையில் வராது. டிராவல் ட்ரெய்லர் என்றால் எடையைப் பகிரும் ஹிட்சுக்கு 100 போய் 1,350 மிஞ்சும். 13 சதவீதத்துக்கு 10,000 பவுண்டு வரை சமாளிக்கலாம். முழு எடை 9,000-இல் பங்க் படுக்கையோடு நல்ல டிராவல் ட்ரெய்லர்கள் கிடைக்கின்றன. முன்பணம் திரும்பக் கிடைக்குமா என்று கேளுங்கள்.

எதை வாங்கினாலும் முதல் வேலை கேட் (CAT) எடைமேடை. பெரிய ட்ரக் நிறுத்தங்களில் இருக்கும். குடும்பத்தோடு, டேங்க் நிரப்பி, ட்ரக்கை மட்டும் ஒரு தடவை எடை போடுங்கள். பிறகு ட்ரெய்லர் மாட்டி இன்னொரு தடவை. முன் அச்சு, பின் அச்சு, ட்ரெய்லர் அச்சு மூன்றும் தனித்தனியாக வரும். இரண்டு தடவையும் ட்ரக் அச்சுகளில் வந்ததைக் கூட்டிக் கழித்தால் உண்மையான கிங்பின் எடை கையில் இருக்கும்.

புதுவண்டி · சனி காலை 10.40
காலையில் போய்க் கதவைத் திறந்து பார்த்தேன். 2,187. நடுவில் கன்சோல், ஐந்து சீட். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ட்ரெய்லரை அப்பா அம்மாவுக்காகத்தான் எடுத்தோம், அதை விட மனமில்லை. 2020 எஃப்-350 டூவலி ஒன்று ஃபோர்ட் வொர்த்தில் இருக்கிறது, பெஞ்ச் சீட், ஸ்டிக்கர் 5,460 என்று படம் அனுப்பினார்கள். மதியம் பார்க்கப் போகிறேன். எல்லோருக்கும் நன்றி, குறிப்பாக உரிமம் சொன்னவருக்கு.

சுமதி_டென்வர் · 10.52
நல்லது. அது 8 அடித் தொட்டிதானே? குட்டைத் தொட்டி என்றால் திரும்பும்போது ட்ரெய்லர் மூக்கு கேபின் கண்ணாடியில் இடிக்கும், நகரும் ஹிட்ச் வாங்க வேண்டிவரும். டயர் தயாரான தேதியையும் பாருங்கள், பக்கச்சுவரில் நான்கு இலக்கம் இருக்கும், கடைசி இரண்டு வருடம்.

டீசல்தான் · 11.15
இன்ஜின் டீசல்தானே?

பெட்ரோல்_போதும் · 11.16
அதையே நானும் கேட்கிறேன்.

ஆஸ்டின்வாசி · ஞாயிறு இரவு 9.05
@புதுவண்டி வாங்கினீர்களா? வகுப்பு ஏ தேர்வுக்கு எந்தப் புத்தகம் என்று நண்பர் ஒருவர் கேட்கிறார். டெக்சாஸ் வணிக ஓட்டுநர் கையேட்டில் வண்டிச் சேர்க்கைகள் பற்றிய பகுதியைப் படிக்கச் சொல்லியிருக்கிறேன்.